அந்தரங்கச் செய்தியும் வாயில் காப்போனும்

கடிதத்தை எழுதி உறையிலிட்டு ஒட்டுபவர், உள்ளே இருப்பதைப் பெறுநரன்றிப் பிறர் காணார் என்ற நம்பிக்கையுடனேயே அதனை அஞ்சற்பெட்டியில் இடுகின்றார். அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயின் உறையின்மேல் எழுதப்பட்ட முகவரியும், முத்திரையிலுள்ள ஊர்ப்பெயரும் திகதியும் அக்கடிதம் கடந்து செல்லும் கைகள் யாவற்றுக்கும் தெரிந்தனவே. கடிதத்தின் உள்ளடக்கத்தை மறைத்தல் ஒன்று. கடிதம் வந்தது என்னும் நிகழ்ச்சியை மறைத்தல் வேறொன்று. கைத்தொலைபேசியிற் செய்தி அனுப்பும் செயலிகளைப் பற்றி ஆராயப் புகுவோர் இவ்வேறுபாட்டை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

உள்ளடக்கத்தை மறைக்கும் கலை இன்று பெரிதும் வெற்றி கண்டுவிட்டது. 2013ஆம் ஆண்டில் எட்வேட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அரசுகள் எத்துணைப் பரந்த அளவிற் செய்திப் போக்குவரத்தைக் கண்காணித்தன என்பதை உலகுக்கு அறிவித்தன. அதன் பின்னர் அனுப்புநரும் பெறுநருமன்றி இடைநின்ற எவரும் படிக்கவியலாதவாறு செய்தியை மறைகுறியாக்கும் முறை விரைந்து பரவலாயிற்று. சிக்னல் என்னும் செயலிக்கென வகுக்கப்பட்ட மறைகுறி முறையை 2016ஆம் ஆண்டில் வட்ஸ்அப் நிறுவனமும் தன் பயனாளர் அனைவருக்கும் உரியதாக்கியது. இதனால், கணிதம் அறிந்த எதிரியும் உடைத்தற்கரிய பூட்டு, அதன் பெயரையும் அறியாத கோடிக்கணக்கான மக்களின் சட்டைப்பையை வந்தடைந்தது.

ஆயினும் அந்தரங்கத்தைப் பெரிதும் பேணும் செயலிகளை, குறிப்பாகக் கூகிள் நிறுவனத்தின் சேவைகளை நீக்கிய தொலைபேசிகளில், நிறுவிக்கொள்வோர் இரு குறைகளுள் ஒன்றை அடிக்கடி எடுத்துரைப்பர். காலையில் நிறைய மின்னேற்றிய பற்றரி மாலைக்கு முன் தீர்ந்துவிடுகின்றது என்பது ஒன்று. பற்றரி தீராவிடினும், செய்தி வந்த அறிவிப்பு அரை மணி, ஒரு மணி பிந்தி வருகின்றது என்பது மற்றொன்று. இவ்விரு குறைகளுக்கும் மறைகுறியாக்கமே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். பூட்டு வலியதாயின் அதனைத் திறக்க வலிமை மிகுதியாக வேண்டும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அது தவறான எண்ணம். இக்காலத்துத் தொலைபேசியொன்று சிறு செய்தியொன்றை மறைகுறியாக்கவும் விடுவிக்கவும் கொள்ளும் நேரம் செக்கனின் மிகச் சிறிய கூறேயாம். ஒரு நாளில் நூறு செய்தி வரினும் அதனால் உண்டாகும் மின்செலவு, திரையை ஒருமுறை ஒளிரச் செய்தலினும் பெரிதன்று. குற்றவாளி வேறிடத்தில் இருக்கின்றான்.

அவனைக் காண்பதற்குத் தொலைபேசி காத்திருக்கும் முறையை அறிதல் வேண்டும். பையினுள் சும்மா கிடக்கும் தொலைபேசி உண்மையில் ஆழ்ந்த உறக்கத்தில் உள்ளது. அதன் கணிப்பகம் ஓய்ந்திருக்கும். அலைக்கருவியும் பெரும்பாலான நேரம் அணைந்தே இருக்கும். நான்காந் தலைமுறை வலையமைப்புக்களில் வழக்கமான ஏற்பாட்டின்படி 1.28 செக்கனுக்கு ஒருமுறை மாத்திரம் அலைக்கருவி கணப்பொழுது விழித்து, 'எனக்கு ஏதேனும் அழைப்புண்டா?' எனக் கோபுரத்தின் ஒலிபரப்பைச் செவிமடுக்கும். இல்லையெனில் மீண்டும் உறங்கும். இவ்வாறு செவிமடுத்தலுக்கு ஆகும் மின்சக்தி மிகச் சிறிது. தொலைபேசி அழைப்பொன்றுக்காக நாட்கணக்கிற் காத்திருக்க இயலுவது இதனாலேயே. அழைப்பவர் தேடிக் கோபுரமே தொலைபேசியைத் தட்டி எழுப்புகின்றது. தொலைபேசி கோபுரத்தை இடையறாது வினவிக்கொண்டிருப்பதில்லை.

இணைய வழிச் செய்திக்கும் இந்த ஏற்பாடு ஓரளவு பொருந்தும். செயலி தன் சேவையகத்துடன் ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்குமாயின், அவ்விணைப்பு வெறுமனே திறந்திருப்பதற்கு மின்சக்தி வேண்டியதில்லை. இரு முனைகளின் நினைவிலும் எழுதி வைக்கப்பட்ட ஒரு குறிப்பே அது. செய்தி வரும்போது கோபுரம் தொலைபேசியை எழுப்பும். இவ்வளவில் யாவும் நன்றே. இடர்ப்பாடு நடுவிலுள்ள ஒரு பதிவேட்டில் இருந்து பிறக்கின்றது. இணையத்தில் முகவரிகள் பற்றாமையினால், தொலைபேசி நிறுவனங்கள் பல்லாயிரம் தொலைபேசிகளை ஒரு சில பொது முகவரிகளின் பின்னால் நிறுத்தி வைத்துள்ளன. எந்த இணைப்பு எந்தத் தொலைபேசிக்குரியது என்பதை வாயிலிலுள்ள பொறியொன்று பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். சிறிது நேரம் பேச்சு மூச்சின்றி இருக்கும் இணைப்பை அப்பொறி முடிந்துபோனதாகக் கருதிப் பதிவேட்டிலிருந்து அழித்துவிடும். அழித்ததைத் தொலைபேசிக்கு அறிவிப்பதுமில்லை. அதன் பின் சேவையகம் அனுப்பும் செய்தி வாயிலோடு நின்றுவிடும். இதனைத் தவிர்ப்பதற்காகச் செயலியானது இடையிடையே, 'நான் இருக்கின்றேன்' என்னும் பொருள்படச் சிறு துணுக்கொன்றை அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். கணினித் துறையினர் இதற்கு நாடித்துடிப்பு எனப் பெயரிட்டமை பொருத்தமே.

இந்நாடித்துடிப்பே பற்றரியைக் குடிக்கின்றது. துணுக்கின் அளவு ஒரு சில எழுத்துக்களே எனினும், அதனை அனுப்புதற்கு அலைக்கருவி முழு விழிப்பு நிலைக்கு வருதல் வேண்டும். அனுப்பி முடிந்தவுடன் அது உறங்குவதுமில்லை; இன்னும் ஏதேனும் வரக்கூடும் எனக் கருதிச் சிறிது நேரம் உயர்ந்த மின்செலவுடன் விழித்தே இருக்கும். மசாச்சுசெற்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2009ஆம் ஆண்டில் மூன்றாந் தலைமுறை வலையமைப்பை அளந்து, வழக்கமான ஒரு தரவுப் பரிமாற்றத்தின் மின்செலவில் ஏறக்குறைய 60 வீதம் பரிமாற்றம் முடிந்த பின் வீணே விழித்திருக்கும் இவ்வால்பகுதியிற் கழிகின்றது எனக் கண்டனர். நான்காந் தலைமுறை வலையமைப்பிலும் இவ்விழிப்பு பத்துச் செக்கனுக்குக் குறையாது நீடித்தல் பிற்காலத்து அளவைகளாற் புலனாயிற்று.

எளிய கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். 5000 மில்லியம்பியர் மணி கொள்ளும் பற்றரி, 3.85 உவோற்று அழுத்தத்தில், 19.25 உவாற்று மணி, அதாவது ஏறக்குறைய 69,000 யூல் சக்தியைத் தாங்கும். விழித்திருக்கும் அலைக்கருவியின் செலவு ஒரு உவாற்று என்றும் விழிப்பு 10 செக்கன் என்றும் கொள்வோமாயின், ஒரு நாடித்துடிப்புக்கு 10 யூல் ஆகும். 28 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் இணைப்பொன்று நாளொன்றுக்கு 51 தடவை துடித்து 510 யூலைச் செலவிடும். இது பற்றரியில் ஒரு வீதத்திலும் குறைவு. நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் இணைப்போ 1440 தடவை துடித்து 14,400 யூலை, அதாவது பற்றரியின் ஐந்திலொரு பங்கைத் தின்றுவிடும். இனிப் பத்துச் செயலிகள் தத்தமக்கென ஒவ்வோர் இணைப்பை வைத்து, ஒன்றோடொன்று ஒத்துழையாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்குமாயின் 28,800 யூல், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அழியும். வீட்டிலுள்ள வைபை இணைப்பிற் செலவு இதனிலும் மிகக் குறைவு. கோபுரம் தொலைவிலுள்ள இடத்தில் இதனினும் மிகுதியாகலாம். எனினும் கணக்கின் போக்கு மாறாது. பற்றரியைத் தீர்ப்பது திறந்திருக்கும் வாயிலன்று. பல வாயில்கள் பல வேளைகளில் தட்டப்படுதலேயாம்.

இதற்குப் பரிகாரம் யாதென்பதைத் தொலைபேசி செய்வோர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1999ஆம் ஆண்டிற் கனடா நாட்டு நிறுவனமொன்று வெளியிட்ட பிளாக்பெரிக் கருவி, மின்னஞ்சலைத் தேடிச் செல்லாது தன்னிடம் வரச் செய்தமையாற் புகழ் பெற்றது. 2008ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அப்பிள் நிறுவனம், பின்னணியிற் செயலிகள் இயங்குமாயின் பற்றரி விரைவிற் கரையும் எனக் காரணங்காட்டி, அவை யாவற்றுக்கும் பொதுவான ஓரிணைப்பைத் தானே பேணி அதன் வழியே அறிவிப்புக்களைத் தரப்போவதாகக் கூறியது. அவ்வாண்டு செத்தெம்பரில் வருமெனச் சொல்லப்பட்ட அச்சேவை 2009 யூன் மாதத்திலேயே வந்தது. கூகிள் நிறுவனம் 2010இல் அன்ரொயிட் தொலைபேசிகளுக்கு இவ்வாறான சேவையொன்றைத் தொடங்கியது. 2012இலும் 2016இலும் அது பெயரும் உருவும் மாறி இன்றும் நிலவுகின்றது.

இவ்வேற்பாட்டைப் பெரிய மாடிக் கட்டடமொன்றின் வாயில் காப்போனுக்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு குடித்தனத்தாரும் தம் ஆளொருவரைத் தெருவாயிலில் நிறுத்துவதற்கு மாறாக, எல்லார்க்கும் பொதுவாக ஒருவன் நிற்கின்றான். செயலி முதன்முறை நிறுவப்படும்போது அதற்கெனத் தனி அடையாள இலக்கம் ஒன்று வழங்கப்படும். செய்தி வந்ததும் செயலியின் சேவையகம் அவ்விலக்கத்தைக் குறிப்பிட்டு அப்பிளுக்கோ கூகிளுக்கோ சொல்லும். அந்நிறுவனம் தான் திறந்து வைத்துள்ள ஒரேயொரு இணைப்பின் வழியே தொலைபேசியை எழுப்பும். நாடித்துடிப்பும் ஒன்றேயாதலிற் செலவும் சிறிதே. பொறியியல் நோக்கில் இதனிற் சிறந்ததொரு தீர்வைக் காண்டல் அரிது.

பின்னர் இவ்வாயில் விருப்பத்துக்குரியதாயன்றிக் கட்டாயமானதாக மாறிற்று. ஐபோனில் உரையாடற் செயலியொன்று பின்னணியில் தன் இணைப்பைத் தானே இடையறாது பேணுதற்கு இடமில்லை. அப்பிளின் வாயிலொன்றே வழி. அன்ரொயிட்டில் 2015ஆம் ஆண்டு வெளியான ஆறாம் பதிப்பு, அசையாது கிடக்கும் தொலைபேசியை ஆழுறக்கத்தில் ஆழ்த்தி, செயலிகளின் இணைய வழியை அடைத்து, இடையிடையே சிறு பொழுது மாத்திரம் திறந்துவிடும் முறையைப் புகுத்தியது. அவ்வுறக்கத்தை உடனே கலைக்கும் உரிமை கூகிளின் சேவை வழியே வரும் அவசர அறிவிப்புக்கு உண்டு. பிற செயலிகள் தமக்கு விலக்களிக்குமாறு பயனாளரைக் கேட்டே பெறல் வேண்டும். தொலைபேசி செய்யும் நிறுவனங்கள் சில இதனோடு அமையாது, பின்னணிச் செயலிகளைத் தம் எண்ணப்படி நிறுத்தியும் விடுகின்றன. பயனாளர் கூறும் இரண்டாங் குறை, அதாவது அறிவிப்புப் பிந்தி வருதல், பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றது.

பொது வாயில் இல்லாவிடில் நிகழ்வது யாது என்பதற்குச் சீன நாட்டு வரலாறு தக்க சான்று. அந்நாட்டில் விற்கப்படும் தொலைபேசிகளிற் கூகிளின் சேவைகள் இல்லை. ஆதலால் ஒவ்வொரு செயலியும் தனக்கென இணைப்பொன்றை வைத்துக்கொண்டது. அதனோடமையாது, ஒன்று விழித்தால் மற்றொன்றை எழுப்பிவிடும் சூழ்ச்சியும் செயலிகளிடையே பெருகிற்று. பற்றரி தாங்காமையைக் கண்ட தொலைபேசி நிறுவனங்கள் பின்னணிச் செயலிகளை இரக்கமின்றி நிறுத்தின. பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் தொலைபேசிக்கென ஒரு வாயில் காப்போனை அமைத்தது. செயலி எழுதுவோர் பல வாயில்களுக்கும் தனித்தனியே எழுத நேர்ந்தமையால், இவற்றை ஒருமைப்படுத்தும் நோக்குடன் 2017ஆம் ஆண்டில் கூட்டமைப்பொன்று அங்கு நிறுவப்பட்டது. ஆகவே கூகிளை நீக்கிய மாத்திரத்தே விடுதலை கிட்டிவிடும் எனக் கருதுவோர் சற்று நின்று சிந்தித்தல் தகும்.

இனி, வாயில் காப்போன் அறிவன யாவை என்பதே உயிர்நாடியான வினா. தொடக்க காலத்துச் செயலிகள் பல செய்தியின் வாசகத்தையும் அறிவிப்போடு சேர்த்தே அனுப்பின. அவற்றில் வாயில் காப்போன் உறையை மாத்திரமன்றிக் கடிதத்தையும் படிக்கலாம். அந்தரங்கம் பேணும் செயலிகள் இத்தவற்றைச் செய்வதில்லை. சிக்னலின் சேவையகம் அனுப்புவது வெற்றழைப்பே. அதில் அனுப்பியவர் பெயருமில்லை, வாசகமுமில்லை. தொலைபேசி அவ்வழைப்பால் விழித்து, நேரே சிக்னலின் சேவையகத்துக்குச் சென்று, மறைகுறியாக்கிய செய்தியைத் தானே எடுத்து வருகின்றது. 'உங்களுக்கு ஏதோ வந்துள்ளது' என்று மாத்திரம் வாயில் காப்போன் மணியடிக்கின்றான். பெரும்பாலார்க்கு இக்காப்பு போதியது எனலாம்.

ஆயின் இன்ன தொலைபேசியில் இன்ன செயலி உள்ளது, இன்ன நாளில் இன்ன செக்கனில் அதற்கு மணியடித்தது என்பவற்றை அவன் அறிகின்றான். அத்தொலைபேசியின் அப்பிள் அல்லது கூகிள் கணக்கு யாருக்குரியது என்பதும் அவனுக்குத் தெரியும். இத்தகவல்கள் அற்பமானவை எனத் தோன்றலாம். ஒருவர் 9 மணி 14 நிமிடம் 6 செக்கனுக்குச் செய்தி அனுப்புகின்றார். வேறோரிடத்தில் ஒரு தொலைபேசிக்கு 9 மணி 14 நிமிடம் 7 செக்கனுக்கு மணியடிக்கின்றது. ஒருமுறை நிகழ்ந்தால் அது தற்செயல். பல நாள், பல தடவை நிகழுமாயின் இருவரும் உறவாடுவோர் என்பது வாசகத்தை ஒரு சொல்லும் படியாமலே பெறப்படும். அனுப்பியவர் அரசாங்க அலுவலர், பெற்றவர் பத்திரிகையாளர் எனின் விளைவு யாதாகும் என்பது சொல்லாமலே விளங்கும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகமைக்கும் மத்திய புலனாய்வு முகமைக்கும் தலைவராயிருந்த மைக்கேல் ஹேடன், உறைமேற் காணும் இத்தகைய தகவல்களைக் கொண்டே ஆட்களைக் கொல்கின்றோம் என 2014ஆம் ஆண்டில் விவாத மேடையொன்றில் ஒளிவின்றிக் கூறினார்.

இவ்வச்சம் ஏட்டளவினது அன்று என்பது 2023ஆம் ஆண்டிற் புலப்பட்டது. ஒரிகன் மாநிலத்துச் செனற்றர் ரொன் வைடன் அவ்வாண்டு திசெம்பர் 6ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சட்டமா அதிபருக்குக் கடிதமொன்று எழுதினார். அறிவிப்புச் சேவையின் பதிவுகளைத் தருமாறு வெளிநாட்டு அரசுகள் அப்பிளையும் கூகிளையும் வற்புறுத்துகின்றன என்ற செய்தி 2022ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்திலேயே தம் அலுவலகத்துக்கு எட்டியதாகவும், அந்நிறுவனங்களிடம் வினவியபோது அதுபற்றி வெளியிடுவதற்கு அரசு தடை விதித்துள்ளது என விடை கிடைத்ததாகவும் அதில் அவர் எழுதினார். கடிதம் வெளியான பின்னர், தடை நீங்கியதாகக் கொண்ட அப்பிள் நிறுவனம் இத்தகைய கோரிக்கைகளையும் தன் அறிக்கைகளிற் சேர்ப்பதாகக் கூறியது; நீதிபதியின் கட்டளையின்றி அப்பதிவுகளைக் கொடுப்பதில்லை எனத் தன் விதியையும் அம்மாதத்திலேயே திருத்தியது. நீதிபதி கட்டளையை முன்னரே கூகிள் வேண்டி நின்றது என்பதையும் நேர்மை கருதிக் குறித்தல் வேண்டும். புலனாய்வாளர் கையாளும் முறை எளியது. செயலி நிறுவனத்தார் பயனாளரின் பெயரை அறியாவிடினும் மேற்குறித்த அடையாள இலக்கத்தை வைத்திருப்பர். அதனைப் பெற்று அப்பிளிடமோ கூகிளிடமோ காட்டினால் இலக்கத்துக்குரியவர் யாரெனத் தெரிந்துவிடும். பெயரின்றி ஒருவர் தொடங்கிய கணக்கு இவ்விரண்டு அரைத் துண்டுகளும் பொருந்தும் இடத்திற் பெயர் பெறுகின்றது.

இதனை முன்னுணர்ந்த செயலி ஆக்குநர் வெவ்வேறு வழிகளிற் சென்றனர். கூகிளின் வாயிலன்றி வேறு வழியின்றித் தொடங்கிய சிக்னல், 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் கூகிளின் சேவைகள் இல்லாத தொலைபேசிகளில் தன் இணைப்பைத் தானே பேணும் வழியையும் சேர்த்தது. அவ்வழியிற் செல்வோரே பற்றரிக் குறையை மிகுதியாக எடுத்துரைப்பவர். சுவிற்சர்லாந்தின் திரீமா, கூகிளைச் சாராத தன் சொந்த அறிவிப்பு முறையொன்றை அமைத்தது. ஜேர்மனியின் ரூட்டா மின்னஞ்சற் சேவை 2018ஆம் ஆண்டிற் கூகிளின் வாயிலைக் கைவிட்டுத் தன் வாயிலைத் தானே கட்டிக்கொண்டது.

எக்ஸ்எம்பிபி என்னும் பழைய, பொதுவுடைமையான உரையாடல் முறையைப் பின்பற்றும் கொன்வசேஷன்ஸ் என்னும் செயலி இங்குச் சிறப்பாக நோக்கற்பாலது. தன் இணைப்பைத் தானே பேணுவது பற்றரிக்குப் பகையன்று, திறமையின்றிப் பேணுவதே பகை என்பது அதன் கொள்கை. தொலைபேசியின் திரை அணைந்திருப்பதைச் செயலி சேவையகத்துக்கு அறிவித்துவிடும். நண்பரொருவர் வந்தார், போனார், தட்டச்சு செய்கின்றார் என்பன போன்ற அவசரமற்ற சிறு செய்திகளைச் சேவையகம் அதன் பின் தன்னிடமே நிறுத்தி வைத்து, உண்மையான செய்தி வரும்போது மாத்திரம் தொலைபேசியை எழுப்பும். இணைப்பு அறுந்து மீளவும் கூடும்போது விட்ட இடத்திலிருந்தே தொடரவும் வழியுண்டு. மேலே காட்டிய கணக்கை மீண்டும் நோக்குவார்க்கு இக்கொள்கையின் நியாயம் விளங்கும். அடக்கமாகத் துடிக்கும் ஓரிணைப்பின் செலவு ஒன்றிரண்டு வீதத்தைத் தாண்டுவதில்லை. அத்தகைய இணைப்புக்கள் பத்தாகும்போதே துன்பம் தொடங்குகின்றது.

வேறு சிலர் உடனடித்தன்மையையே விட்டுக்கொடுத்தனர். செஷன் என்னும் செயலி விரைவு முறை, மந்த முறை என இரண்டை வைத்துள்ளது. முன்னையது கூகிளின் அல்லது அப்பிளின் வாயில் வழியது, பின்னையது இடைவெளி விட்டுத் தானே சென்று பார்ப்பது. சிம்பிளெக்ஸ் செயலி அன்ரொயிட்டில் எப்பொழுதும் இணைந்திருத்தல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தல், திறந்தபோது மாத்திரம் பார்த்தல் என்பவற்றுள் ஒன்றைப் பயனாளரே தெரிந்துகொள்ளுமாறு விடுகின்றது. இவ்வாறு விலையை மறையாது முன்வைத்தல் பாராட்டுக்குரியது. உடனே வருதல், பற்றரி நிலைத்தல், பிறர் அறியாதிருத்தல் ஆகிய மூன்றையும் தன் செயலி முழுமையாகத் தருமென விளம்பரஞ் செய்வாரை விட, எதை விட்டு எதைப் பெறலாம் எனச் சொல்பவர் நம்பத்தக்கவர் அன்றோ.

வாயில் காப்போன் ஒருவன் வேண்டும் என்பது கணக்கினாற் பெறப்பட்டது. அவன் அப்பிளோ கூகிளோ ஆதல் வேண்டும் என்பது எக்கணக்கினாலும் பெறப்படவில்லை. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே யூனிபைட் புஷ் என்னும் பொது நியமம். இதன்படி பயனாளர் தம் தொலைபேசியில் அறிவிப்பைப் பகிர்ந்தளிக்கும் சிறு செயலியொன்றை நிறுவுவர். என்ரிபை என்பது அவற்றுட் பலரறிந்தது. அச்சிறு செயலி ஓரிணைப்பை மாத்திரம் திறந்து வைக்கும். நியமத்தை ஏற்ற பிற செயலிகள் யாவும் அதன் வழியே விழிப்பூட்டப்படும். எலிமென்ற் செயலியும், சிக்னலின் மூலநிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த மொலி என்னும் செயலியும் இதனை ஏற்றுள்ளன. அவ்விணைப்பின் மறுமுனையிலுள்ள சேவையகத்தைப் பயனாளரே தெரிவுசெய்யலாம்; அறிவுடையார் தம் வீட்டுக் கணினியொன்றிலேயே அமைத்துக்கொள்ளவுங் கூடும். உலாவிகளுக்கென 2016, 2017ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்ட இணைய நியமங்கள், அறிவிப்பின் வாசகத்தை இடைநிற்கும் சேவையகம் படிக்கவியலாதவாறு மறைகுறியாக்கும் வழியையும் ஏற்கெனவே காட்டியுள்ளன.

இதனாற் குறை முற்றும் தீர்ந்துவிட்டதெனல் பொருந்தாது. புதிய வாயில் காப்போனும் நேரத்தை அறிவான். அவன் சிறிய, பலரறியாத சேவையகமொன்றை நடத்துபவனாயின் அவனிடம் வாதாடத்தக்க சட்டத்தரணிகளும் இருக்கமாட்டார்கள். தம் வீட்டுச் சேவையகத்தைத் தாமே நடத்துவோர்க்கு வேறோர் இடருண்டு. பல இலக்கம் பேருடைய கூட்டத்தில் ஒருவராய் மறைந்திருத்தல் அவர்க்கு இயலாது. அம்முகவரிக்குச் செல்வன யாவும் அவர்க்கே உரியன என்பது வெளிப்படை. ஆயினும் ஒரு நாட்டின் தொலைபேசிகள் அனைத்தினதும் மணியோசை இரண்டே நிறுவனங்களின் பதிவேடுகளிற் சேர்ந்து கிடத்தலுக்கும், ஆயிரம் இடங்களிற் சிதறிக் கிடத்தலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னையதற்கு இரண்டு கட்டளைகள் போதும்.

அன்ரொயிட் தொலைபேசி வைத்திருப்போர் மேற்கூறிய வழிகளுள் தமக்கேற்றதைத் தெரிந்துகொள்ளலாம். தன் இணைப்பைத் தானே பேணும் செயலியை வைப்போர், தொலைபேசியின் அமைப்புகளிற் பற்றரிச் சிக்கனத்திலிருந்து அச்செயலிக்கு விலக்களித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாமையே செய்தி பிந்தி வருதலுக்குப் பெரும்பாலும் காரணம். அத்தகைய செயலிகளை ஒன்றிரண்டுக்கு மேற் பெருக்காதிருத்தல் பற்றரிக்கு நன்று. அறிவிப்பில் வாசகமும் பெயரும் தோன்றாவண்ணம் செய்தல் எவர்க்கும் எளிது. ஆனால் அது மேசைமேற் கிடக்கும் தொலைபேசியை எட்டிப் பார்ப்பவரைத் தடுக்குமேயன்றி வாயில் காப்போனைத் தடுக்காது.

ஐபோன் வைத்திருப்போர்க்கு இத்தெரிவு இல்லை. பிரையர் என்னும் செயலியின் ஆக்குநர் ஐபோனுக்கு அதனை எழுதாமைக்குக் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று. பிரையர் சேவையகம் எதுவுமின்றி, ரோர் என்னும் மறைவழி வலையமைப்பினூடாகத் தொலைபேசியிலிருந்து தொலைபேசிக்கு நேரே செய்தி அனுப்புவது; பின்னணியில் நெடுநேரம் இயங்காது அதற்கு வாழ்வில்லை. அப்பிளின் வாயிலை நாடினாலோ உறைமேற் தகவல் வெளியாருக்குச் செல்லும். அன்ரொயிட்டிலும் அது பற்றரியை மிகுதியாகக் கொள்வதே. அன்றியும் இருவரும் ஒரே வேளையில் இணைந்திருந்தாலன்றிச் செய்தி சென்றடையாது. இக்குறைக்கு அவர்கள் கண்ட பரிகாரம் அஞ்சற்பெட்டி எனப் பெயர் பெற்ற துணைச் செயலியொன்று. பயன்படாது கிடக்கும் பழைய தொலைபேசியொன்றில் அதனை நிறுவி, மின்னேற்றியில் மாட்டி, வீட்டு வைபையுடன் இணைத்து ஒரு மூலையில் வைத்துவிட்டால், உரியவரின் தொலைபேசி இணைப்பின்றி இருக்கும் வேளையிலும் வருகின்ற செய்திகளை அது வாங்கி வைத்திருக்கும். எப்பொழுதும் மின்சாரத்தில் மாட்டியிருப்பதால் அத்தொலைபேசியின் பற்றரியைப் பற்றி எவரும் கவலை கொள்ள வேண்டியதில்லை.